முதலில் ஸ்பிரிங், பிறகு ஷாக் அப்சார்பர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நெடுநாள் உறைபோட்டு நிறுத்திவைத்திருந்த உன் பிஎம்டபிள்யூ எம்3-ஐ மறுபடியும் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. எனக்கும் சொல்வதற்கு ஒரு நல்ல செய்தி உண்டு: என்னுடைய ஈ30-இன், அதாவது உன்னுடையதற்கு முந்தைய தலைமுறை 3 சீரீஸின், முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து நிற்கும் தூண்) வேலை முடிந்துவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். ஈ36 தலைமுறையைச் சேர்ந்த உன் எம்3-க்கு எந்த ஷாக் அப்சார்பர், எந்த ஸ்ட்ரட் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி அல்ல இது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மேட்டில் ஏறி இறங்கிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை எழும்பித்தான் அடங்குகிறது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் மிகவும் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது என்பதற்கு இவை போதும். பானெட்டைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பாதே. கை அமுக்கும் வேகம் மிகக் குறைவு, அந்த வேகத்தில் இணைப்புகளில் உள்ள பழைய ரப்பர் புஷ்களின் இறுக்கமே வண்டியை அடக்கிக் காட்டிவிடும். அதற்குப் பதிலாக டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் சுற்றிலும் தடவிப் பார். மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால், அந்தச் சக்கரம் சாலையில் ஒட்டி ஓடாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று கொள்ளலாம். ஷாக்கின் உடலில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் மட்டும் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து கீழ்வரை கோடிட்டிருந்தால் சீல் போய்விட்டது. பின்பக்கத்தில் கேட்கிறது என்று நீ சொல்லும் ‘டொக்’ என்ற சத்தத்திற்கு ஷாக் காரணமாக இராது என்றே நினைக்கிறேன். ஈ36-இல் பின் ஷாக்கை வண்டியின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்ட் எளிதில் கிழிந்துபோகும் பாகம் என்பது இந்த வண்டியை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இனித் தேர்வுக்கு வருகிறேன். எந்த ஷாக் என்று முடிவு செய்வதற்கு முன்னால், எந்த ஸ்பிரிங் என்பதை நீ முடிவு செய்தாக வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி விரியும்போது சேர்ந்துகொள்ளும் ஆற்றலை, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி வெப்பமாக மாற்றிக் கரைப்பதுதான் ஷாக்கின் வேலை. ஆகவே ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்ற அளவில்தான் ஷாக்கின் எதிர்ப்பும் இருக்க வேண்டும். எதிர்ப்பு குறைந்தால் வண்டி ஆடும். கூடினால் ஒரு பள்ளத்தில் அமுங்கிய சக்கரம் அடுத்த பள்ளம் வருவதற்குள் திரும்ப இறங்காது, அமுங்கிய நிலையிலேயே மேலும் மேலும் ஏறிக்கொண்டு போகும். சக்கரம் விரியும்போது ஷாக் காட்டும் எதிர்ப்பு அமுங்கும்போது காட்டுவதைவிடப் பொதுவாக இரண்டு மூன்று மடங்கு இருப்பதால், தேவைக்கு மேல் விறைப்பான ஷாக் போட்ட வண்டி கரடுமுரடான வளைவில் பிடிமானத்தை இழப்பது இப்படித்தான். விறைப்புதான் செயல்திறன் என்று நம்முடைய இளமையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அப்போதும் சரியில்லை, இப்போதும் சரியில்லை.

என் கருத்தைக் கேட்டால், தொழிற்சாலை ஸ்பிரிங்கையே வைத்துக்கொள். எம்3-இன் ஸ்பிரிங் ஏற்கெனவே சாதாரண 3 சீரீஸைவிடத் தாழ்ந்தும் விறைத்தும் இருக்கிறது; அதை இன்னும் இறக்கினால் நீ இழப்பது சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம். வண்டியை 30 அல்லது 40 மில்லிமீட்டர் இறக்கி, ஷாக்கை மாற்றாமல் ஓட்டுபவர்களின் வண்டிகள் பாதி நேரம் பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பு ரப்பரின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த ரப்பர் முட்டியதும் விறைப்பு சட்டென்று பல மடங்காகி, வளைவின் நடுவே முன்பக்கம் வழுக்கிவிடும்.

ஷாக்கில் இரண்டு வகை உண்டு. இரட்டைக் குழாய் வகையில் எண்ணெயும் குறைந்த அழுத்த வாயுவும் வெளிக்குழாயில் ஒன்றாகவே இருக்கும்; தொடர்ந்து வேகமாக ஓட்டிச் சூடேறினால் எண்ணெயில் நுரை கட்டி எதிர்ப்பு தளர்ந்துவிடும். ஒற்றைக் குழாய் வகையில் ஒரு மிதக்கும் பிஸ்டன் வாயுவையும் எண்ணெயையும் பிரித்து வைக்கிறது. வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 25 பார். எண்ணெய் இருக்கும் குழாயின் வெளிப்பக்கம் நேராகக் காற்றில் படுவதால் வெப்பமும் விரைவாக வெளியேறும். பிரான்சின் கிறிஸ்டியான் டி கார்போன் உருவாக்கிய இந்த அமைப்பை, பில்ஸ்டீன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களின் வழியே தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வை: ஷாக்கின் 11 மில்லிமீட்டர் பிஸ்டன் தண்டை அந்த அழுத்தம் ஏறத்தாழ 24 கிலோகிராம் விசையுடன் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், எனவே மாற்றிய பிறகு வண்டி சற்றே உயர்ந்து நின்றால் கவலைப்படாதே.

முன்பக்க ஸ்ட்ரட்டுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் வண்டிகளின் முன்பக்கத்தில் உள்ள மேக்பர்சன் அமைப்பில் ஸ்ட்ரட் அதிர்வை அடக்குவதோடு நிற்பதில்லை. மேல் இணைப்புக் கை ஒன்று செய்ய வேண்டிய வேலையையும் செய்து சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. வளைவில் வரும் பக்கவாட்டு விசை ஸ்ட்ரட்டின் தண்டை வளைக்கப் பார்க்கும். அதனால்தான் பில்ஸ்டீன் தன் ஸ்ட்ரட்டைத் தலைகீழாக வைத்து, மெல்லிய தண்டுக்குப் பதிலாகத் தடித்த குழாயையே அந்த விசையைத் தாங்க விடுகிறது. கையில் எடுத்துப் பார்த்தாலே அந்தத் தடிமன் உனக்குப் புரியும்.

உன் முன்னால் உள்ள தேர்வுகளில், அமைதியான பயணமே வேண்டுமென்றால் சாக்ஸ் போதும். பிஎம்டபிள்யூவுக்கு நெடுங்காலமாக ஷாக் கொடுத்துவரும் நிறுவனம் அது. பில்ஸ்டீனில் பி6 என்பது வழக்கமான உயரத்துக்கும், பி8 என்பது இறக்கிய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்யப்பட்டதும் ஆகும். பட்டியலில் வெறுமனே ஈ36 என்ற வரியைப் பார்த்து வாங்கிவிடாதே. எம்3-க்கு என்று தனி வரி இருக்கும், உன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அதைச் சரிபார். கோனி நிறுவனத்தின் மஞ்சள் ஷாக்கில் விரியும் எதிர்ப்பை மாற்றிக்கொள்ளலாம்: முன்பக்கத்தில் மேலிருந்து திருகலாம், பின்பக்க ஷாக்குகளில் பலவற்றைக் கழற்றி முழுவதும் அமுக்கித்தான் திருக முடியும். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு நீண்ட பயணமும் எப்போதாவது பந்தயத் தளமும்தான். எனக்கு அந்த வண்டி கிடைத்தால் கோனி மஞ்சளை வாங்கி, மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்கி, கால் சுற்று கால் சுற்றாகக் கூட்டிப் பார்ப்பேன். உயரம் மாற்றும் காயில்ஓவர் இந்த வண்டிக்கு வேண்டாம். நல்லவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீ கேட்கும் வேலைக்கு அவை அதிகப்படி.

ஷாக்கோடு சேர்த்து மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை, ஸ்பிரிங்கின் ரப்பர் மெத்தை, புதிய லாக் நட்டுகள் எல்லாவற்றையும் வாங்கிவிடு. என் ஈ30-ஐக் கழற்றியபோது பம்ப் ஸ்டாப் விரலில் பட்டதுமே பிசுபிசுத்த மஞ்சள் தூளாக உதிர்ந்தது. முப்பது ஆண்டுகளைத் தாண்டிய எந்த வண்டியிலும் இதைத்தான் பார்ப்பாய். பின் மவுண்டுக்கு பிஎம்டபிள்யூ இசட்3 காருக்கு வரும் வலுவூட்டும் தகட்டையும் சேர்த்துப் போடு. ஈ30-இல் ஸ்ட்ரட் குழாய் சக்கர அச்சோடு பற்றவைக்கப்பட்டது. அதனுள் இருக்கும் பழைய ஷாக் கார்ட்ரிட்ஜை உருவிவிட்டுப் புதியதை உள்ளே இறக்க வேண்டும். வெப்பம் வெளிக்குழாய்க்குக் கடக்கும்படி இடைவெளியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன். உனக்கு அந்த வேலை இல்லை. உன்னுடையதில் ஸ்ட்ரட் முழுவதும் போல்ட்டில் கழன்று வரும்.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. முன் ஸ்பிரிங்கைக் கழற்ற நல்ல தரமான கம்ப்ரஸர் இல்லாமல் இறங்காதே. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. குரோம் தண்டை இடுக்கியால் பிடிக்காதே, ஒரு கீறல் போதும், சீல் கிழியும். மேல் மவுண்ட் எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றுமுன் பெயின்ட்டால் குறித்துக்கொள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும்; தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழிந்துவிடும். முடிந்ததும் சக்கர அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்றும் கழற்றுவதற்கு முன்னால், சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து எனக்கு எழுது. ஸ்பிரிங்கில் உள்ள பாக எண்ணையும் பெயின்ட் குறியையும் துடைத்துப் பார்த்துச் சேர்த்து எழுது. முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். அதன் பிறகு ஆர்டர் செய்யலாம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்