வெடித்தது பைப் இல்லை, கழன்றது மூட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊத்தான் மெலிந்தாங் பக்கம் புதிதாக எழும்பும் ஒரு கடை வரிசையில் போன மாதம் பொம்பா பைப்புக்கு, அதாவது தீயணைக்கத் தண்ணீர் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாய்க்கு, பிரஷர் ஏற்றிப் பார்த்தார்கள். ரோட்டோரம் மண் பொங்கி, போட்ட கல்லும் மணலும் தண்ணீரோடு கிளம்பிவிட்டது. மறுநாள் காப்பிக் கடையில் ஒரே பேச்சு: மட்டமான பைப் போட்டிருக்கிறான், அதனால்தான் வெடித்தது. சிலர் அதை வாட்சாப்பிலும் போட்டுப் பரப்பினார்கள். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், சும்மா இருக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். பைப்பில் ஒரு கீறல்கூட இல்லை. வளைவுக்குள் செருகியிருந்த முனை அப்படியே வெளியே வந்திருந்தது, ரப்பர் வளையம் புதுசாகவே கிடந்தது. பைப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தால், அதே வளைவு மறுபடியும் கழலும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ரப்பர் வளையம் போட்டுச் செருகும் மூட்டு தண்ணீரை வெளியே விடாது, அவ்வளவுதான் அதன் வேலை. இழுத்தால் தாங்காது. பைப் நேராகப் போகும் இடத்தில் இது பிரச்சினை இல்லை, இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுவதால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். வளைவு, டீ (T வடிவக் கிளை), கடைசி மூடி, அடைத்த வால்வு, தீயணைப்பு வீரர்கள் குழாய் மாட்டும் பொம்பா தூணின் அடிப்பாகம், இங்கெல்லாம் அந்தச் சமநிலை கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அங்குல டக்டைல் இரும்பு (சட்டென்று உடையாத வார்ப்பிரும்பு) பைப்பின் வெளிவிட்டம் 170 மில்லிமீட்டர். உள்ளே 10 பார் (பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு) பிரஷர் இருந்தால் கடைசி மூடியைத் தள்ளும் விசை ஏறக்குறைய 2.3 டன். 90 டிகிரி வளைவில் அது 3.2 டன்னுக்கு மேல். ஒரு சின்ன லோரி வந்து இடித்துக்கொண்டே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தண்ணீர் பைப்பில் தண்ணீர் தினமும் ஓடும், கோளாறு இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். பொம்பா பைப் அப்படி இல்லை. வருடக் கணக்கில் சும்மா கிடக்கும், தீப்பிடிக்கிற அன்றைக்குத்தான் பம்ப் ஒரே மூச்சில் அடிக்கும், வால்வு சட்டென்று திறந்து மூடும், பிரஷர் எகிறும். மூட்டு கழல்வதென்றால் அன்றைக்குத்தான் கழலும்.

இதற்கு நம் குத்தகையாளர்கள் வழக்கமாகச் செய்வது வளைவுக்குப் பின்னால் ஒரு கான்கிரீட் கட்டை போடுவது. திரஸ்ட் பிளாக் என்பார்கள். தப்பான முறை இல்லை, பழைய முறைதான். ஆனால் தாங்குவது கான்கிரீட் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் மண். கட்டை அந்தத் தள்ளலை மண்ணிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே. நம் மண் எப்படிப்பட்டது? தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காதவர் இங்கே யார்? மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே இளகிய மண், சாய்ந்துவிட்டது. அதே களிமண்ணும் சில இடங்களில் காம்புட் என்னும், செடிகொடி மக்கிய சதுப்பு மண்ணும்தான் நம் தோட்டங்களுக்கு அடியிலும் இருக்கிறது.

பொறியாளர்கள் எடுத்துப் பார்க்கும் அட்டவணையில் இளகிய களிமண் சதுர அடிக்கு 1000 பவுண்டு தாங்கும் என்று இருக்கும், சதுர மீட்டருக்கு 5 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 3.2 டன்னோடு பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு சேர்த்தால், கட்டையின் முதுகு மண்ணில் பதியும் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர் வேண்டும். இறுகிய களிமண்ணாக இருந்தால் ஒரு சதுர அடி சொச்சம் போதும். காம்புட் மண்ணுக்கு அட்டவணையில் பூஜ்யம்தான். நான் பார்த்த குழியில் இருந்த கட்டையைச் சின்னப் பையன்கூட உருட்டிவிடுவான், அதுவும் தோண்டாத மண்ணை ஒட்டி ஊற்றாமல், தோண்டிப் போட்ட மண்ணுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அதோடு மூட்டின் போல்ட்டுகளையும் சேர்த்து கான்கிரீட்டால் மூடியிருந்தார்கள். நாளைக்குக் கசிந்தால் உளியும் சுத்தியலும் எடுத்துத்தான் கழற்ற வேண்டும்!

சரி, வேறு என்ன செய்யலாம்? மூட்டையே பூட்டிவிடலாம். பைப்பைக் கவ்விப் பிடிக்கும் ஆப்புகள் வைத்த கிளாண்ட் என்ற இரும்பு வளையம் கிடைக்கிறது, அளவான முறுக்கு வந்ததும் போல்ட்டின் தலை தானாக முறிந்து விழும், அதனால் சரியாக இறுக்கினானா இல்லையா என்று மேலே நின்றே பார்த்துவிடலாம். பிவிசி பைப்புக்கு உள்ளது வேறு, இரும்புக்கு உள்ளது வேறு, மாற்றிப் போடக் கூடாது. ரப்பர் வளையத்துக்குள்ளேயே எஃகுப் பல் வைத்த வகையும் உண்டு. ஆனால் வளைவை மட்டும் பூட்டிவிட்டு வந்துவிட்டால் வேலை முடியாது, அதற்கு இரண்டு பக்கமும் உள்ள அடுத்தடுத்த மூட்டுகளையும் குறிப்பிட்ட நீளத்துக்குப் பூட்ட வேண்டும், ஏனென்றால் பைப்பைச் சுற்றியுள்ள மண்ணின் உரசல்தான் கடைசியில் அந்த இழுப்பைத் தாங்குகிறது. பைப்புக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றினால் உரசல் குறையும், நீளம் கூட வேண்டும். அந்த நீளத்தைப் பொறியாளர் கணக்குப் போட்டு வரைபடத்தில் எழுத வேண்டும், தளத்தில் நிற்பவர் கண் மதிப்பில் முடிவு செய்வதில்லை.

டை ராட் என்ற இரும்புக் கம்பி போட்டு மூட்டைக் கட்டுவதும் நல்ல முறைதான், ஆனால் நம் கரையோர மண்ணில் உப்பும் புளிப்பும் அதிகம், தார்ப்பூச்சு இல்லாத கம்பி சில வருடங்களில் நூலாகிவிடும். எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் பைப்பை உருக்கி ஒட்டினால் கழல மூட்டே இல்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். அப்புறம் அதைப் பழைய செருகு மூட்டு பைப்போடு இணைக்கும்போதுதான் வினை: பிரஷர் ஏறினால் எச்டிபிஇ பைப் பருத்து நீளத்தில் சுருங்கும், அந்தச் சுருக்கம் பக்கத்து மூட்டை இழுத்துக் கழற்றும். அந்த இணைப்பைப் பூட்டாமல் விடக் கூடாது.

சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். தீப்பாதுகாப்பு நிலத்தடிக் குழாய்களுக்கான அமெரிக்க விதிநூல் என்எப்பிஏ 24, 200 பிஎஸ்ஐ, அதாவது 14 பாருக்குக் கொஞ்சம் குறைவு, 2 மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் நான் மேலே சொன்ன வளைவில் தள்ளல் 4.5 டன்னைத் தொடும், கட்டையின் அளவை அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும். பைப்பின் நடுப்பகுதியில் மண் போட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு, மூட்டுகளைத் திறந்தே வைத்துச் சோதிப்பதுதான் முறை. இங்கே பல இடங்களில் முதலில் மூடி, மேலே தாரும் ஊற்றிவிட்டு அப்புறம் சோதிக்கிறார்கள். எந்த மூட்டு கசிகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச் சட்டம், தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள் ஒரு பொம்பா தூண் இருக்க வேண்டும் என்கிறது. தூண் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறோம், அதன் காலடியில் மூட்டு எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. கோயில் மண்டபம் கட்டுகிற நிர்வாகத்தினரும் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் குழி மூடுவதற்கு முன்பு ஒவ்வொரு மூட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். குத்தகையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கடைசியாக நகராண்மைக் கழகத்துக்கு ஒன்று. வெள்ளம் வந்தால் கால்வாயை ஆழப்படுத்த இயந்திரத்தைக் கொண்டுவந்து ரோட்டோரம் தோண்டுகிறீர்கள், கேபிள் போடுகிறவர்களும் தோண்டுகிறார்கள். கட்டைக்குப் பின்னால் இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் கட்டை இருந்தும் பயனில்லை. பொம்பா பைப்பின் வளைவுகளையும் கட்டைகளையும் வரைபடத்தில் குறித்து, தோண்ட அனுமதி கேட்டு வருகிறவர்கள் கையில் அதைக் கொடுத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆலை ஃபிட்டர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்