ஆண்டறிக்கை: பழைய பதிப்பு மேசைக்கு ஒரு வயது

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கணக்கு வழக்கைப் பொருளாளர் வாசிப்பார், மண்டப வாடகை பற்றியும் அவரே சொல்வார், அதனால் அதற்குள் நான் போகவில்லை. இந்த ஆண்டு நம் சங்கத்தில் பெரிதாக மாறியது பழைய பதிப்பு மேசைதான், அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். போன பொதுக்கூட்டத்தில், சுவரோரம் இருக்கும் ஒரு மேசையை, சிறு உருவங்களைப் படையாக நிறுத்தி நாம் ஆடும் போர் ஆட்டங்களின் பழைய விதிப் புத்தகங்களுக்கு என்றே ஒதுக்க முடிவு செய்தோம். புதிதாக வருகிறவர்கள் கடையில் கிடைக்கிற பதிப்பைத்தானே கேட்பார்கள் என்று சிலர் தயங்கினார்கள், நியாயமான தயக்கம்தான். ஆனால் இப்போது சனிக்கிழமைகளில் முதலில் நிரம்புவது அந்த மேசைதான்.

காரணம் என்று எனக்குப் படுவது இது. பழைய பதிப்பு முடிந்துபோன ஒன்று, இனி அதில் யாரும் கை வைக்கப் போவதில்லை. எதிர்கால விண்வெளிப் போரை ஆடும் வார்ஹேமர் 40,000 ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் பதிப்பு 2017, ஒன்பதாவது 2020, பத்தாவது 2023. நடுநடுவே திருத்தங்களும், ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை புள்ளி என்ற மாற்றங்களும் வேறு. வேலை, பிள்ளைகள், பள்ளிக்கூடம் என்று ஓடுகிற ஒருவர் மாதத்துக்கு ஒரு ஆட்டம் ஆடினாலே பெரிய விஷயம், அவருக்குத் தன் படையின் போக்கு பிடிபடுகிற நேரத்தில் புத்தகம் மாறிவிடுகிறது. முடிந்துபோன பதிப்பில் அந்தக் கவலை இல்லை. ஐந்து வருடம் கழித்து அலமாரியைத் திறந்தாலும் படையை எடுத்து அப்படியே ஆடலாம்.

நம் மேசையில் அதிகம் ஆடப்பட்டது, வாளும் மந்திரமுமான கற்பனை உலகில் நடக்கும் வார்ஹேமர் ஃபேன்டசியின் ஆறாம் பதிப்பு. 2000இல் வந்தது. அதே ஆண்டில் எல்லாப் படைகளின் பட்டியலையும் ஒரே சிறு புத்தகமாகப் போட்டார்கள், படைக்கு ஒன்றாகத் தடித்த புத்தகங்கள் பின்னால்தான் வந்தன. நாம் அந்தச் சிறு புத்தகத்தை வைத்துத்தான் ஆடுகிறோம். எல்லாப் படையும் ஒரே நேரத்தில் எழுதப்பட்டதால், பிந்தி வந்த படை முந்தி வந்ததைத் தூக்கிச் சாப்பிடுகிற தொல்லை அதில் மிகக் குறைவு.

ஆறாம் பதிப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அளவு டேப்பை எடுக்காத அந்தச் சில நொடிகளில் என்று சொல்வேன். கவசம் பூட்டிய குதிரை 7 அங்குலம் நகரும், எதிரி மேல் பாய்ந்தால் 14. ஆனால் பாய்கிறேன் என்று அறிவிக்கும் முன் அளக்கக் கூடாது, கண்ணால்தான் கணிக்க வேண்டும். கணிப்பு தப்பினால் குதிரைகள் பாதித் தூரம் போய் நட்டநடு வெளியில் நிற்கும், அடுத்த முறை பாய்வது எதிரி. கல்லூரியில் படிக்கும் நம் தம்பி ஒருவர், மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, மூத்த உறுப்பினர் அண்ணனின் ஈட்டிப் படையையும் தன் குதிரைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி அவ்வளவு நேரம் குனிந்திருந்தார். பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். கடைசியில் ‘பாய்கிறேன்’ என்றார், அண்ணன் டேப்பை விரித்தார், பதின்மூன்றரை. மண்டபமே கை தட்டியது. 2010இல் வந்த ஃபேன்டசியின் எட்டாம் பதிப்பில் முன்கூட்டியே அளக்கலாம், பாய்ச்சல் தூரத்தைப் பகடை தீர்மானிக்கும்: 4 அங்குலம் நகரும் காலாளுக்கு இரண்டு பகடையைக் கூட்டினால் 6ஆகவும் இருக்கலாம், 16ஆகவும் இருக்கலாம். அதை விரும்புகிறவர்களும் நம்மில் உண்டு, தூரத்தை வைத்து வாக்குவாதம் வராது என்பது அவர்கள் கட்சி. ஆனால் கண்ணைப் பழக்கிக் கற்றுக்கொண்ட ஒரு திறமைக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது.

2015இல் அந்த ஃபேன்டசி உலகத்தையே வார்ஹேமரை வெளியிடும் நிறுவனம் முடித்துவைத்து, அடியில் சதுரத் தட்டுக்குப் பதில் வட்டத் தட்டில் நிற்கும் உருவங்களோடு வேறொரு ஆட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். பல வருடம் பெயின்ட் அடித்துச் சதுரத் தட்டில் ஒட்டி வைத்திருந்தவர்களுக்கு அப்போது கைகொடுத்தது பழைய புத்தகங்கள்தான். 2024 தொடக்கத்தில் ‘தி ஓல்டு வேர்ல்டு’ என்ற பெயரில் சதுரத் தட்டு திரும்பி வந்துவிட்டது, மகிழ்ச்சி. அதற்கும் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஆனாலும் ஆறாம் பதிப்பு ஆடுகிறவர்கள் அங்கே மாறிப் போகவில்லை.

அப்புறம் டி.பி.ஏ. 1990இல் வெளிவந்த பண்டைக்காலப் போர் விதிகள். ஒரு பக்கத்துக்கு வெறும் 12 பிரிவுகள், நான்கை இழந்தால் பெரும்பாலும் தோல்வி, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை போட்டு, விழுந்த எண்ணுக்கு ஏற்பத்தான் படையை நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் எதை நகர்த்துவது, எதை அப்படியே விடுவது என்பதுதான் முழு ஆட்டமும். இதை எழுதிய ஃபில் பார்க்கரின் நடை நூற்பா மாதிரி, உரையாசிரியர் இல்லாமல் பிடிபடாது. அமெரிக்காவில் வாஷிங்டன் பகுதி ஆட்டக்காரர்கள் எழுதிய வழிகாட்டிப் புத்தகம், மூல விதிகளைவிடப் பல மடங்கு பெரியது, அது நம் நூலகத்திலும் இருக்கிறது. 2.2 பதிப்பில் 15 மி.மீ. அளவு உருவங்கள் கொண்ட ஈட்டிப் படை 2 அங்குலம் நகரும். 2014இல் வந்த 3.0இல் இரண்டு தட்டு அகலம், அதாவது 80 மி.மீ. நம்மில் பாதிப் பேர் 2.2இல் நிற்கிறார்கள். மெதுவாக நெருங்கும்போதுதான் அணிவகுப்பில் தந்திரம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இந்த ஒன்றில் என் ஓட்டு புதியதற்கு, 3.0 சீக்கிரம் கைகலப்புக்குக் கொண்டுபோகிறது, விளக்கப் படங்களும் நன்றாக இருக்கின்றன. இதன் படைப் பட்டியலில் தமிழ், சிங்களப் படைகளுக்கும் இடம் உண்டு, அந்த யானைகளுக்கு நம் துணைத்தலைவர் இப்போது வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

பழையது எல்லாம் நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம். 40,000 ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் (1993) கைகலப்பு என்றால் ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியாகப் பகடை போட வேண்டும், பெரிய படைகள் மோதினால் மாலைப் பொழுது முழுவதும் அதற்கே சரி. ஆட்டம் தொடங்கும் முன்பே பாதிப் படையைக் கொன்றுவிடக்கூடிய கிருமிச் சீட்டு ஒன்றும் உண்டு. அதைச் சீட்டுக்கட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். அடுத்த திருத்தம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை, மேசையில் இருக்கிற இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் போதும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக எச்.ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய விதிகளைப் புல்வெளியில் ஆடிக் காட்டினோம். பகடையே கிடையாது, ஸ்பிரிங் பீரங்கியால் நிஜமாகவே சுட்டுப் பொம்மையைச் சாய்க்க வேண்டும். நேரம் போனது தெரியவில்லை, மீண்டும் எப்போது என்று பெற்றோர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

நூலகம் பற்றி. பழைய பதிப்புகள் பெரும்பாலும் இப்போது அச்சில் இல்லை, கண்காட்சிகளில் பழைய பொருள் விற்கும் மேசைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது, நல்ல நிலையில் இருப்பவை விலையும் அதிகம். இரவல் எடுக்கும் புத்தகத்தை முதுகு உடையும்படி விரித்து வைக்காதீர்கள், ஆறாம் பதிப்பின் ஒரு பிரதியில் தாள்கள் ஏற்கெனவே கழன்றுவிட்டன. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய விதிப் புத்தகமோ, சதுரத் தட்டுகளோ இருந்தால் நூலகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள், சங்கத்தின் பெயரில் பதிவு செய்துகொள்வார்.

வரும் ஆண்டில் இரண்டாவது பழைய மேசைக்கு அனுமதி கேட்கிறேன், இன்றே வாக்கெடுப்புக்கு வருகிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
செயலாளர்