முழு வேகத்தில் அடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், விடுமுறையில் குடும்பத்தோடு விளையாட ஏற்ற கணினி விளையாட்டுகள் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. அதில் 'கோல்ஃப் வித் யுவர் ஃபிரண்ட்ஸ்' என்ற மினி கோல்ஃப் விளையாட்டுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். சுவரும் தடைகளும் உள்ள சின்னப் பாதையில் பந்தை உருட்டி, முடிந்த அளவு குறைந்த அடிகளில் குழியில் போடுவதுதான் அந்த ஆட்டம். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதை எப்படி விளையாடுவது என்று எழுதியிருந்த வரிகளைப் படித்ததும் சந்தோஷம் போய்விட்டது. அடியின் வேகத்தைத் திரையில் காட்டும் பவர் பட்டையை முழுசாக ஏற்றி அடியுங்கள், பந்து சுவரில் மோதி மோதி எப்படியும் குழியில் விழுந்துவிடும், மற்றதெல்லாம் அதிர்ஷ்டம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி ஒரு பிள்ளை விளையாட உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் வெறுத்துப்போய் எழுந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அலுவலக மனமகிழ் மன்றத்தில் பல வருடம் கேரம் ஆடியிருக்கிறேன், போட்டிகளுக்கும் போயிருக்கிறேன். ஊரடங்குக் காலத்தில் பேத்தி எனக்கு இந்த விளையாட்டைக் காட்டிக் கொடுத்தாள். இப்போது ஓசூரில் இருக்கும் தங்கை வீட்டார், தோஹாவில் இருக்கும் தம்பி, நாங்கள் என்று எல்லோரும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சேர்ந்து ஆடுகிறோம். ஒரே ஆட்டத்தில் 12 பேர் வரைக்கும் சேரலாம் என்பதால் யாரையும் உட்கார்ந்து வேடிக்கை பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு விஷயம். மினி கோல்ஃப் ஏதோ கணினியில் பிறந்த புது விளையாட்டு என்பது போல உங்கள் கட்டுரையில் இருந்தது. இந்தக் கணினி விளையாட்டு புதிதுதான். ஆஸ்திரேலியாவின் பிளாக்லைட் இன்டராக்டிவ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. 2016-ல் முன்னோட்டமாக வெளியிட்டு, 2020 மே மாதம் டீம்17 நிறுவனத்தின் வெளியீடாக முழுசாகக் கொண்டுவந்தார்கள். ஆனால் விளையாட்டின் வேர் ரொம்பப் பழசு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-லேயே பெண்கள் பந்தை உருட்டி மட்டும் ஆடுவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். கையைத் தோளுக்கு மேலே தூக்கி ஓங்கி அடிப்பது பெண்களுக்கு அழகில்லை என்று நினைத்த காலம் அது. மேடும் பள்ளமுமாக இருப்பதால் 'ஹிமாலயாஸ்' என்று பெயர் பெற்ற அந்தத் திடலில் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஆடலாம். ஓங்கி அடிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் மெல்ல உருட்டுவதையே ஒரு கலையாக வளர்த்தெடுத்தார்கள். ஒரு பெண்ணாக எனக்கு இதில் பெருமை உண்டு. முழு வேகத்தில் அடி என்ற யோசனை அந்த வித்தையின் அடிமடியிலேயே கை வைப்பது.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். வேகம்தான் இதில் எல்லாம். குறி அதற்கு அடுத்தபடிதான். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, அம்புக்குறியை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பார்த்துவிட்டு, வேகத்தை மட்டும் கை போன போக்கில் விட்டுவிடுகிறார்கள்.

நிஜ கோல்ஃபில் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்து 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது குழி பந்தைப் போல இரண்டரை மடங்கு அகலம். ஆனால் அந்த முழு அகலமும் மெதுவாக வரும் பந்துக்கு மட்டும்தான். வேகம் கூடக் கூடக் குழி சுருங்கிக்கொண்டே போகும். பிரையன் ஹோம்ஸ் என்ற இயற்பியலாளர் 1991-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நொடிக்குச் சுமார் 1.6 மீட்டருக்கு மேல் வரும் பந்து, குழியின் நட்டநடுவில் வந்தாலும் விழாது, தாண்டிப் போய்விடும். 1.6 மீட்டர் என்பது நாம் வேகமாக நடக்கும் வேகம், அவ்வளவுதான். ஓரமாக வரும் பந்துக்கு அந்த வரம்பு இன்னும் குறைவு, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடும். கணினி விளையாட்டில் எண்கள் வேறாக இருக்கலாம், நடப்பது இதேதான். முழு பவரில் வந்த பந்து குழிக்கு மேலே பறந்துபோய்த் தடுப்பையும் தாண்டி வெளியே விழுவதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருமே பார்த்திருக்கிறார்கள். வெளியே விழுந்தால் பந்து பழைய இடத்துக்கே திரும்பும், அடித்த அடி மட்டும் கணக்கில் ஏறிவிடும்.

அதனால் பேத்திக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது, குழியைப் பார்த்து அடிக்காதே, குழிக்கு ஒரு சாண் அப்பால் பார்த்து அடி என்பதுதான். குழியே இல்லையென்றால் பந்து எங்கே போய் நிற்க வேண்டும்? ஒரு சாண் தாண்டி. அந்த வேகத்தில் வரும் பந்து குழியின் ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே சரிந்துவிடும். விழாமல் போனாலும் பக்கத்திலேயே நிற்கும், அடுத்த அடியில் முடித்துவிடலாம். குறைவாக அடித்தால் விழவே வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பயந்து பயந்து தொட்டவர்களும் உண்டு, அவர்களும் தோற்றுத்தான் போனார்கள்.

இந்த வேகம் கைக்கு வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. மவுஸை அழுத்திப் பிடித்து நகர்த்தினால் பவர் பட்டை ஏறும். ஆளில்லாத தனி ஆட்டத்தில் சமமான நீளப் பாதை ஒன்றில் நின்றுகொண்டு, பட்டை கால்வாசி ஏறும் வரை அடித்தால் பந்து எங்கே நிற்கிறது, பாதி வரை என்றால் எங்கே நிற்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஆடுகிறோம். பேத்தி முதலில் முழங்கையைத் தூக்கிக்கொண்டு மவுஸைச் சுண்டுவாள். முழங்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் அசைக்கச் சொன்னேன். கேரம் பலகையில் கையை ஊன்றாமல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் எப்படி வேகம் ஒரு சமயம் போல ஒரு சமயம் இருக்காதோ, இங்கேயும் அப்படித்தான். கை ஊன்றிய பிறகு அவளுடைய கால்வாசி எப்போதும் கால்வாசியாகவே வந்தது. இறக்கம் வந்தால் அந்தக் கால்வாசியிலும் பாதி போதும், ஏற்றத்துக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

அப்புறம் சுவர். பாதை நேராகப் போய் வலப்பக்கம் மடங்கும், குழி மடக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும், நேராகத் தெரியவே தெரியாது. இங்கேதான் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிக்கிறார்கள். எதிர்ச்சுவரை ஒரு கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னேன். சுவருக்கு இந்தப் பக்கம் குழி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தப் பக்கம் அவ்வளவு தள்ளி அதன் பிம்பம் இருக்கும். அந்தப் பிம்பத்தை நோக்கி அடித்தால் பந்து சுவரில் பட்டு, திரும்பிக் குழியை நோக்கி வரும். பேத்தி இப்போது ஒரு விரலைக் குழி மேலும் இன்னொரு விரலைத் திரையில் சுவருக்கு அப்பாலும் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுகிறாள். சுவரில் பட்டதும் பந்தின் வேகம் குறையும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மிக வேகமாகப் போனால் திரும்பும் கோணமும் பிசகும், சில இடத்தில் சுவர் மேலேயே ஏறிவிடும். இதற்கும் மருந்து நிதானமான வேகம்தான்.

சுற்றும் இறக்கைகள், ஏறி இறங்கும் கதவுகள் எல்லாம் அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. அவை ஒரே தாளத்தில் ஓடுகின்றன. முதலில் அடிக்காமல் பார்க்க வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நாலாவது எண்ணிக்கைக்கு வழி திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து அங்கே போய்ச்சேர இரண்டு எண்ணிக்கை ஆகும் என்றால், இரண்டு என்னும்போதே அடித்துவிட வேண்டும். வழி திறந்ததைப் பார்த்துவிட்டு அடித்தால் பந்து போய்ச்சேர்வதற்குள் மூடிக்கொள்ளும். இதிலும் பாருங்கள், பந்து போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் வேகம் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் நேர வரம்பு உண்டு என்றாலும், இரண்டு சுற்று பார்த்து எண்ணுவதற்கு அது தாராளமாகப் போதும்.

ஒரே அடியில் குழியில் போடும் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தீர்கள். அவை பார்க்க அழகாக இருக்கும், நானும் ரசிப்பேன். ஆனால் விழுந்த அடியை மட்டும்தான் காட்டுவார்கள், விழாத அடிகளைக் காட்ட மாட்டார்கள். குறுக்குவழியில் போகலாமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றுவழியில் நிச்சயமாக மூன்று அடியில் முடித்துவிடலாம். குறுக்குவழியில் பந்தைத் தாவவிட்டால் ஒரே அடி, தவறினால் அந்த ஓர் அடி வீண், அப்புறம் சுற்றுவழியில் மூன்று, ஆக நான்கு. மூன்று தடவைக்கு ஒரு தடவை விழுகிறது என்றால், ஒன்று, நான்கு, நான்கு, மொத்தம் ஒன்பது. சுற்றுவழியிலும் மூன்று தடவைக்கு ஒன்பதுதான். அதற்கும் குறைவாக, நான்குக்கு ஒன்று என்ற அளவில்தான் விழுமென்றால் குறுக்குவழி நஷ்டம். பேத்தி இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றைக்கே குறுக்குவழி மோகத்தை விட்டுவிட்டாள். கடைசிக் குழியில் பின்தங்கி இருந்தால் மட்டும் துணிகிறாள், அது நியாயம்தான்.

இன்னொன்று, உங்கள் பக்கத்தில் சொல்லாமல் விட்டது. ஆட்டத்தைத் தொடங்குகிறவர் பல விதிகளை மாற்றி வைக்க முடியும். பந்தைச் சதுரக் கட்டியாக மாற்றலாம், குதிக்க விடலாம், ஒருவர் பந்து இன்னொருவர் பந்தை இடிக்கும்படி வைக்கலாம். பழகியவர்களுக்கு இதெல்லாம் நல்ல கூத்து. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் முதல் முறை ஆடும்போது இவற்றை எல்லாம் அணைத்துவிடுங்கள். முக்கியமாக இடிப்பதை. அழகாகக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்திய பந்தை இன்னொருவர் வந்து தள்ளிவிட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அழுகை வரும். தங்கை பேரன் அப்படி அழுதிருக்கிறான். அவன் எழுந்து போய்விட்டால் ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் அவனைப் போன்ற பிள்ளைகள்தான். எட்டு வயதுப் பையனும் அறுபதைத் தாண்டிய நானும் ஒரே திடலில், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஆட முடிகிற விளையாட்டு எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. இதில் உடல்பலம் எதற்கும் உதவாது. வேகமான விரல்களும் தேவையில்லை, பந்து நின்ற பிறகுதான் அடுத்த அடி, அதுவரை யோசிக்கலாம். ஓசூரில் அவன் அடிப்பதைக் கும்பகோணத்தில் நான் பார்த்து, "கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே கொடுடா கண்ணு" என்று சொல்ல, அவன் "வேண்டாம் பெரியம்மா பாட்டி, இறக்கம்" என்று எனக்கே திருப்பிச் சொல்கிறான். அவன் சொன்னது சரியாகவும் இருக்கிறது. இப்படி ஆளாகிற பிள்ளைகளிடம் எல்லாம் அதிர்ஷ்டம் என்று செய்தித்தாளே சொன்னால் எப்படி?

அடுத்த விடுமுறைப் பக்கத்தில் இந்த விளையாட்டைப் பற்றி மறுபடி எழுதுவீர்களானால், முழு வேகம் என்ற யோசனையை எடுத்துவிட்டு, பந்து குழிக்கு ஒரு சாண் தாண்டி நிற்கும் வேகத்தில் அடியுங்கள் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். இடம் இருந்தால் கண்ணாடிக் கணக்கையும் ஒரு சின்னப் படத்தோடு சேர்த்துப் போடுங்கள். படம் வரைந்து அனுப்பச் சொன்னால் பேத்தி வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்