ஐந்தாவது ஞாயிறு

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேப்பர். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

காலையில் பேசும்போது மூன்று தடவை கொட்டாவி விட்டாய். கேட்டதற்கு, ரூம்மேட்டுக்குத் தூக்கம் வருவதில்லை, ராத்திரி இரண்டு மணி வரை அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாய். ஒரு மாதமாக அவள் வகுப்புக்குச் சரியாக வருவதில்லை, மெஸ்ஸுக்கும் வருவதில்லை, மற்ற பிள்ளைகள் ‘ஓவரா சீன் போடுறா’ என்று ஒதுங்கிவிட்டார்கள் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

தூத்துக்குடி மாமாவை உனக்குத் தெரியும். வந்தால் வீட்டையே சிரிக்க வைக்கிறவர். 1988இல் பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தபோது அவனும் நானும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர் ஹாஸ்டலில் ஒரே வராந்தா. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போவோம். இரண்டாம் வருடம் பாதியில் அவன் வருவதை நிறுத்தினான். மத்தியானம் மூன்று மணிக்கும் போர்வைக்குள் கிடப்பான். தாடி, அழுக்குச் சட்டை, கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். நான்கு ஞாயிறு கதவைத் தட்டினோம். அப்புறம் எங்களில் ஒருத்தன், ‘தொரைக்கு நம்ம சகவாசம் பிடிக்கலடே’ என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஐந்தாவது ஞாயிறு யாரும் தட்டவில்லை. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. டிகிரியும் போயிற்று.

2009இல் சாத்தூரில் ஒரு கல்யாண வீட்டில்தான் மறுபடி பார்த்தேன். பந்தி முடிந்து கை கழுவும்போது சொன்னான்: ‘உங்க மேல கோவம்லாம் இல்லடே. எந்திரிச்சுப் பல்லு தேய்க்கவே தெம்பில்ல. அஞ்சாவது வாரம் நீங்க துண்டோட போறத ஜன்னல் வழியாப் பார்த்தேன். நம்ம நெனச்சது சரிதான், யாருக்கும் வேண்டாதவந்தான்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்.’

அவன் வாடியதால் நாங்கள் விலகினோமா, நாங்கள் விலகியதால் அவன் இன்னும் வாடினானா? இரண்டும்தான் என்று இப்போது புரிகிறது. மனச்சோர்வு வந்த பிள்ளை முதலில் நட்பிலிருந்துதான் ஒதுங்கும். வெளியே இருப்பவர்களுக்கு அது திமிராகவோ சீன் போடுவதாகவோ தெரியும். அவர்கள் விலக, அதையே அந்தப் பிள்ளை தான் உதவாக்கரை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும். இந்தச் செக்கில் ஒரு சுற்று நானும் மாட்டைத் தள்ளியிருக்கிறேன். நீ அப்படிச் செய்யவில்லை. அந்த விஷயத்தில் உன்னை நினைத்துப் பெருமைதான்.

ஆனால் அந்த இரண்டு மணி எனக்குச் சரியாகப் படவில்லை. சாயங்காலம் போனில் துழாவிப் படித்தேன். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் அமாண்டா ரோஸ் என்று ஒரு உளவியல் பேராசிரியர். நண்பர்கள் இருவர் ஒரே துக்கத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவதற்கு 2002இல் ‘கோ-ரூமினேஷன்’ என்று பெயர் வைத்தார். ரூமினேஷன் என்றால் மாடு அசைபோடுவது. சேர்ந்து அசைபோடுதல் என்று வைத்துக்கொள். அவரும் கூட இருந்தவர்களும் 800க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை ஆறு மாதம் கவனித்து, 2007இல் எழுதினார்கள். இப்படிப் பேசிய பெண் பிள்ளைகளுக்கு நட்பும் இறுகியது, மனச்சோர்வும் பதற்றமும் கூடின. பையன்களுக்கு நட்பு மட்டும் இறுகியது. ஏன் அப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது, தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் ‘அவன் ஏன் அப்படிச் சொன்னான், நான் ஏன் இப்படி இருக்கேன்’ என்று ராத்திரி முழுக்க அரைத்தால், காலையில் இரண்டு பேருமே எழுந்திருக்க முடியாது என்பது புரிகிறது.

பேசாதே என்று சொல்லவில்லை. பதினோரு மணிக்கு விளக்கை அணை. பேச்சைச் சாயங்காலத்துக்கு மாற்று, முடிந்தால் நடந்துகொண்டே. துணி ஊறவைக்கும்போது அவளுடையதையும் சேர்த்து ஊறவை. மாமாவுக்கு அந்த நாட்களில் மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணாச்சி மட்டும் தட்டில் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு போய் ரூமில் வைப்பாராம். ஒரு வார்த்தை கேட்கமாட்டாராம். எங்கள் நால்வர் பெயரையும் விட அவர் பெயரைத்தான் மாமா இன்றைக்கும் அதிகம் சொல்கிறான்.

இனி கொஞ்சம் கஷ்டமான விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருத்தி எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடந்தால், தோழியின் ஆறுதல் மட்டும் போதாது, டாக்டர் பார்க்க வேண்டும். நிம்ஹான்ஸ் என்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரி உங்கள் பெங்களூரில்தான் இருக்கிறது, ஓசூர் ரோட்டில். நாடு முழுக்க இருந்து அங்கே ஆட்கள் வருகிறார்கள், உங்களுக்கு ஒரு பஸ் தூரம். போகத் தயங்கினால் முதலில் 14416க்குப் போன் போடச் சொல். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022இல் மத்திய அரசு தொடங்கியது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். உன் ரூம்மேட் சேலத்துப் பிள்ளை, அவளுக்கு அது தெம்பாக இருக்கும். நீ பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா என்று அவளிடம் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாதே, அந்த நிமிடமே வார்டனிடம் சொல், எனக்கும் போன் போடு, எந்நேரமானாலும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருப்பாள். அந்தச் சத்தியத்தை மீறலாம். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும்.

மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதினேன். ‘நல்லா எழுது, அந்தப் பிள்ளை கேட்டா என் நம்பரையும் குடு’ என்றான்.

நாளைக்குக் கடலைமிட்டாய் பார்சல் போடுகிறேன். இரண்டு பொட்டலம், ஒன்று அவளுக்கு. சாப்பிடாவிட்டால் மேஜையில் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு நீ பேசும்போது அவளும் பக்கத்தில் இருந்தால் அம்மா ஒரு வார்த்தை பேசுகிறாளாம்.

அன்புடன்,
அப்பா