சரியாகிவிட்டது என்று எழுதிய மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

"கை சரியாகிவிட்டது, கவலைப்படாதீர்கள்" என்று நீ அனுப்பிய மூன்று சொற்களை உன் அம்மா இரண்டு முறை வாசித்துவிட்டு, கைப்பேசியை என்னிடம் நீட்டி, "அப்படியே நீங்கள் எழுதியது போல இருக்கிறது" என்றாள். எந்தப் பொருளில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதால்தான் கேட்கவில்லை.

போன வாரம் திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, நீ தண்ணீர் பாட்டிலைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு இடக்கையால் மூடியைத் திருகியதைப் பார்த்தேன். வலக்கை அரைமணி நேரமும் மேசைக்குக் கீழேயே இருந்தது. நீ பேச்சை மாற்றவில்லை, நான்தான் மாற்றினேன். முறிந்த மணிக்கட்டின் மாவுக்கட்டைப் பிரித்துப் பத்து வாரங்கள் ஆகின்றன. இதற்குள் வலி போயிருக்கலாம், எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியும் இருக்கலாம். பிடி மட்டும் தானாகத் திரும்பி வந்திருக்காது. எலும்பு அசையாமல் இருந்தால் கூடும், தசை அசையாமல் இருந்தால் கரையும். ஆறு வாரம் கட்டுக்குள் கிடந்த முன்கையையும் மற்றதையும் அருகருகே நீட்டிப் பார், வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

நீ எப்படி விழுந்தாய் என்பதை அம்மாவிடம் ஒரு விதமாகவும், அக்காவிடம் வேறு விதமாகவும், என்னிடம் மூன்றாவது விதமாகவும் சொல்லியிருக்கிறாய். நான் அதைக் கேட்கப்போவதில்லை. கையைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்றை வாங்கி, நாற்காலியில் சாய்ந்து படம் பார்த்துக்கொண்டே அமுக்குகிறாய் என்று அக்கா சொன்னாள். அதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறாய் போலும். விரல்களை மடக்கும் வலுவான தசைகள் விரல்களில் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே தொடங்கி, நீண்ட தசைநாண்களாக மாறி, மணிக்கட்டைக் கடந்துதான் விரல்களுக்குப் போகின்றன. ஆகவே மணிக்கட்டு உறுதியாக நிற்காவிட்டால் எத்தனை இழுத்தாலும் பிடி இறுகாது. உன் நல்ல கையிலேயே சோதித்துப் பார்: மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு முட்டியை இறுக்கு. விரல்கள் உள்ளங்கையைத் தொடுவதே பாடாயிருக்கும். பிறகு மணிக்கட்டை ஏறத்தாழ 20 முதல் 30 பாகை வரை பின்பக்கம் சாய்த்துவிட்டு இறுக்கு. அதே கையா என்று தோன்றும். அந்தச் சாய்வில் மணிக்கட்டை நிறுத்திவைப்பவை முன்கையின் புறப்பக்கத் தசைகள். ஸ்பிரிங்கை அமுக்குவது மட்டும் அவற்றுக்குப் போதாது. நீ செய்வது ஆட்டம் காணும் கம்பத்தில் கயிற்றை மட்டும் தடிமனாக்கிக்கொண்டே போவது போன்றது.

எனவே புறப்பக்கத்திலிருந்து தொடங்கு. முன்கையை மேசைமேல் முழுவதும் படியவைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ அரைக் கிலோ எடை. அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மேலே தூக்கி, நான்கு எண்ணும் வரை மெல்ல இறக்கு. தூக்க முடியாத நாளில் இடக்கையால் தூக்கிவிட்டு, இறக்குவதை மட்டும் வலக்கையிடம் விடு. தூக்க முடியாத பாரத்தையும் மெல்ல இறக்கும் வலு தசைக்கு உண்டு, அந்த இறக்கமே அதை வளர்க்கும். அதுவும் வலித்தால், கையை அசைக்காமல், ஒரு கையால் மற்றதன் புறங்கையை அழுத்தி, அழுத்தத்துக்கு இடங்கொடுக்காமல் பத்து எண்ணும் வரை நிறுத்து. மூட்டு அசையாததால் அது அவ்வளவாக உறுத்தாது.

மூடி திருகுவது வேறு கணக்கு. பூட்டில் சாவியைத் திருப்பும்போதும் மூடியைத் திறக்கும்போதும் முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன்மீது புரள்கிறது. மணிக்கட்டு முறிந்தவர்கள் பலருக்கு அந்தப் புரளல் திரும்பவும் நாளாகும். அதற்குச் சுத்தியலைவிட நல்ல கருவி நான் கண்டதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சுத்தியலைத் தலைக்கு அருகிலேயே பிடித்து, உள்ளங்கை வானத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பு. எளிதாகிவிட்டால் பிடியை ஒரு விரற்கடை கீழே நகர்த்து. எடை கூடவில்லை, பாரம் கூடிவிடும். இப்படி நகர்ந்து நகர்ந்து கைப்பிடியின் நுனிக்கு வர உனக்கு இரண்டு மாதம் ஆகலாம், ஆகட்டும். அவசரப்படாதே, ஆனால் விட்டும்விடாதே.

துண்டை நனைத்துப் பிழிவதையும் சேர்த்துக்கொள், அதில் பிடிப்பும் திருப்பலும் ஒன்றாக வரும். ஐந்து விரல்களையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டி விரித்து விரித்து மூடு. மூடுகிற தசைகளை மட்டும் வளர்த்துத் திறக்கிற தசைகளை மறந்தால் முழங்கையில் வலி வந்து சேரலாம். வலுவான பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். தரையில் கை ஊன்றித் தண்டால் எடுக்கும் ஆசை உனக்கு வரும், எனக்குத் தெரியும். முதலில் சுவரில் ஊன்று, அடுத்து மேசை விளிம்பில், அதற்குப் பிறகே தரை.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சியின்போது இழுவையாக ஒரு நோவு வந்து சிறிது நேரத்தில் அடங்கினால் அது பயிற்சியின் விலை. மறுநாள் காலையிலும் மூட்டு வீங்கியோ விறைத்தோ இருந்தால், முந்தைய நாள் அளவு மீறிவிட்டாய் என்று பொருள்; குறைத்துக்கொள். ஆனால் கை எரிவது, நிறம் மாறுவது, மற்றக் கையைவிட அதிகமாக வியர்ப்பது, கட்டைவிரலோடு சேர்ந்த மூன்று விரல்கள் மரத்துப்போவது, கட்டைவிரலைத் திடீரென மேலே தூக்க முடியாமல் போவது ஆகியவற்றுள் எதுவாயினும் மருத்துவரிடம் உடனே போகவேண்டும். மெல்லிய விரிசல் விட்டவர்களுக்கும் வாரங்கள் கழித்து அந்தக் கட்டைவிரல் தசைநாண் அறுந்துவிடுவதுண்டு. கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறதா என்றும் பார். அங்கே ஸ்காஃபாய்டு என்ற சிறிய எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு, இரத்த ஓட்டம் நுனிப்பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போவதால் கூடுவதற்கும் நாளாகும். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நீ சொல்லமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

பிடித்ததை விடாதவன் நீ. அதை உன் சித்தப்பாவிடம் எத்தனை முறை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. அதே நீ, பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த தாளை எங்கே வைத்தாய் என்று தெரியவில்லை என்கிறாய். கட்டுப் போட்டிருந்தபோதே நல்ல கைக்குப் பயிற்சி கொடு, அதன் பலனில் ஒரு பங்கு அடைபட்ட கைக்கும் போய்ச் சேரும் என்று உனக்குச் சொன்னேன், நீ சிரித்தாய். அது நான் கற்பனை செய்தது அல்ல. வலு தசையில் மட்டும் இல்லை, மூளை அனுப்பும் கட்டளையிலும் இருக்கிறது. முதல் சில வாரங்களில் கூடும் வலுவும் பெரும்பாலும் அந்தக் கட்டளை சீர்படுவதால் வருவதே. தசை பருக்க அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் ஆகும், பிடி முழுதாகத் திரும்ப ஓராண்டுகூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் என்று எழுதுவது நேர்மையாகாது, நான் விட்டுவிட்டேன்.

உனக்குப் பதினோரு வயதில் நான் விழுந்து இதே வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். கட்டுப் பிரித்த பிறகு பயிற்சிக்கு ஐந்து முறை போனேன். என்னைவிட மிக இளைய ஒருவர் எதிரில், ஒரு பஞ்சு உருண்டையை அமுக்க முடியாமல் வியர்த்து உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. கையெழுத்துப் போட முடிந்த அன்றே நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு மாதம், பயிற்சிக்குப் போவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, தெருக்களைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் சரியாகிவிட்டது என்றேன். உன் செய்தியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஏன் தூக்கம் போயிற்று என்று இப்போது உனக்குப் புரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வீடு மாற்றிய நாளில், பாட்டியின் மரப்பெட்டி மாடிப்படியில் விழுந்ததே, அது உன் கையிலிருந்து நழுவவில்லை. நான் மேல்படியில் இருந்தேன், நீ கீழ்ப்படியில். என் விரல்கள் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டன. மொத்தப் பாரமும் உன் பக்கம் வந்தது. பதின்மூன்று வயதுப் பையன் அதைத் தாங்கியிருக்க முடியாது, நீ சுவரோரம் ஒதுங்கியதால் பிழைத்தாய். கண்ணாடிச் சாமான்கள் உடைந்த சத்தம் அடங்குவதற்குள், "பிடிக்கத் தெரியாதா உனக்கு" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். நீ மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. உன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். இன்றுவரை இந்த வீட்டில் உன்னிடம் எதையாவது கொடுக்கும்போது யாராவது அந்தப் பெட்டியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்; நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அம்மாவிடமும் அக்காவிடமும் நானே சொல்லிவிடுகிறேன். அதை நீ சொல்லவேண்டாம்.

திரையில் உன்னைப் பார்த்த மறுநாள் காலையிலிருந்து நானும் மேசை விளிம்பில் கையை வைத்து அந்த அரை லிட்டர் பாட்டிலைத் தூக்குகிறேன். 63 வயதில் தசை கேட்குமா என்று மருத்துவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். எந்த வயதிலும் கேட்கும், நேரம் கொஞ்சம் கூட ஆகும் என்றார். முதல் நாள் நான்கு முறை. இன்று ஒன்பது.

உன்னிடம் நான் கேட்பது ஓர் எண். அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது டைனமோமீட்டரில் பிடியை அளந்துகொள்: உட்கார்ந்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, ஒவ்வொரு கையிலும் மூன்று முறை, மூன்றின் சராசரி. நீ வலக்கைக்காரன், எனவே வலக்கை இடக்கையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கவேண்டும். இப்போது எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த எண்ணையே எழுது. போயிருக்காவிட்டால் போகவில்லை என்று எழுது. என் எண்ணையும் அளந்து உனக்கு எழுதுகிறேன். என்னுடையது உன்னுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இதை நான்கு நாட்களாக எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் வரிகள் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதற்குப் பேனா காரணம் அல்ல.

அன்புடன்,
அப்பா