காய்ச்சலோடு வகுப்புக்கு வரவைப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் கற்றதையெல்லாம் கல்லூரி மாணவர்கள் மறந்துவிட்டார்கள், அவர்களுக்கு மீண்டும் விழிப்புணர்வு முகாம்கள் நடத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். மாணவர் விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பும் என் தலையில்தான். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் தெரியாதது என்று பெரிதாக எதுவும் இல்லை.

கை கழுவ எத்தனை விநாடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 20 என்பார்கள். முகக்கவசம் மூக்கையும் மூட வேண்டும், முழங்கை மடிப்பில் இரும வேண்டும், எல்லாம் மனப்பாடம். ஊரடங்குக்குப் பின் கல்லூரி திறந்தபோது வாசலில் காவலாளி வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டுவாரே, அவரைக் கடப்பதற்காகவே விடுதி அறையில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு. அந்த மாத்திரை எவ்வளவு நேரத்தில் சூட்டைத் தணிக்கும் என்பதுவரை கணக்கு வைத்திருந்தார்கள். இதற்கு மேல் என்ன விழிப்புணர்வு வேண்டும்?

உடம்பு கொதிக்கும்போது ஏன் வந்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 சதவீத வருகை கட்டாயம். அதற்குக் கீழே போனால் மருத்துவச் சான்றிதழ், துறைத்தலைவரின் கையெழுத்து, பல இடங்களில் கண்டோனேஷன் கட்டணம், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கட்டணம். உள்மதிப்பீட்டுத் தேர்வை விட்டுவிட்டால் மறுதேர்வு கிடைப்பது ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்தது. கடைசி வரிசையில் மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்த மாணவனை அறைக்குப் போய்ப் படுக்கச் சொன்னேன். “சார், வருகை 74-இல் நிற்கிறது” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃப்ளூவோ கொரோனாவோ, அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடும். காய்ச்சல் அடித்த முதல் சில நாள்கள்தான் மிக மோசம். சரியாக அந்த நாள்களில்தான் நாம் அவனை 60 பேர் இருக்கும் மூடிய அறைக்குள் உட்கார வைக்கிறோம்.

2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. அவர்களில் பெரும்பாலோர் நாட்டிலேயே கடினமான நுழைவுத் தேர்வுகளைத் தாண்டி வந்த மாணவர்கள்; துண்டறிக்கை படிக்காததால் நோய் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே உணவுக்கூடத்தில் கூடியதை அதிகாரிகளே அப்போது சுட்டிக்காட்டினார்கள். பிறகு சாப்பாடு பொட்டலமாக அறைக்கே போனது.

எங்கள் விடுதி மெஸ்ஸுக்கு வெளியே கை கழுவும் தொட்டியை வந்து பார்க்க வேண்டும். ஆறு குழாய்களில் இரண்டு சுழலவே சுழலாது. திரவ சோப்புக் குப்பியில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, இப்போது அதில் வருவது இளஞ்சிவப்பு நிறத் தண்ணீர் மட்டுமே. அதற்கு நேர் மேலே, கை கழுவும் ஏழு முறைகளையும் படத்தோடு விளக்கும் பளபளப்பான பலகை! காய்ச்சல்காரனைத் தனியே வைக்க ஓர் அறை கேட்டால், ‘இடமில்லை’ என்ற பதில் தயாராக இருக்கிறது. மூவர் தங்கும் அறையில் ஒருவன் இருமினால் மற்ற இருவரும் என்ன செய்வார்கள்?

மாணவர்கள்மீது குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அண்ணாந்து குடிக்கும் பழக்கம் போய்விட்டது. ஒரே தண்ணீர் பாட்டில் வாய்க்கு வாய் மாறுகிறது. எச்சில் என்று சொன்னால் பழைய காலத்து ஆள் என்று பார்க்கிறார்கள். நள்ளிரவுப் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஊதி அணைத்த கேக்கை முகத்தில் பூசி, அதையே வழித்துத் தின்பதைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடும். இவற்றையெல்லாம் கண்டிக்கலாம், கண்டிக்கிறோம். ஆனால் சோப்பு வாங்கிப் போடாத நிர்வாகம் கண்டிக்கும்போது அதற்கு மரியாதை இருப்பதில்லை.

காய்ச்சல் என்று சொல்லி விடுதியிலோ வீட்டிலோ தங்கும் முதல் மூன்று நாள்களைச் சான்றிதழ் கேட்காமல் வருகைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். தவறிய உள்மதிப்பீட்டுத் தேர்வை உரிமையாகவே மீண்டும் எழுத விட வேண்டும். மாணவர்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார்கள். சிலர் படம் பார்க்கத்தான் போவார்கள். இன்றைக்கும் சிரமமில்லாமல் ஒரு சான்றிதழை வாங்கி வந்து நீட்டுபவர்கள் அவர்கள்தான். மாட்டிக்கொள்வது, உண்மையாகவே படுத்துக் கிடந்து, டாக்டரிடம் போகக்கூடத் தெம்பில்லாதவன். அடுத்த கல்வியாண்டுக்கான விதிமுறைகளை வகுக்கும்போது பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்கள் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விடுதித் துணைக் காப்பாளர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.