குளத்துக் கடி தணியக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் ஊர்க் குளத்தில் நீந்தி எழுந்த பிள்ளைகளின் கால்களிலும் முதுகிலும் சிவந்த பருக்கள் எழும்பி, இரவிரவாக அவர்களைத் தூங்கவிடாமல் செய்த அந்தக் கடி, அதாவது தோல் அரிப்பு, இந்த ஆண்டு தை தொடங்கிச் சித்திரை விடுமுறை முடியும்வரை ஓரிரு பிள்ளைகளோடு நின்றுவிட்டது. முற்றாக ஒழிந்தது என்று எழுத மனம் ஒப்பவில்லை. ஆயினும் மூன்று மாரி கண்டும் வெறிச்சோடிக் கிடந்த படிக்கட்டில் மறுபடியும் ஈரக் காலடிகள் தெரிகின்றன. அதற்குக் காரணமானவர்களுக்குச் சனசமூக நிலையத்தின் சார்பில் நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

நன்றிக்கு முன்பாக எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று நாங்களாகவே முடிவு செய்து, எவரிடமும் கேளாமல் குளோரின் தூளை வாங்கி வந்து ஒரு மாலையில் குளத்தில் கொட்டினோம். விடிந்தபோது கரையோரம் மீன் செத்து மிதந்தது. கடி மட்டும் அப்படியே இருந்தது. அன்று எங்களைக் கடிந்துகொண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவுக்கே முதல் நன்றி. அவர் கடிந்ததோடு போய்விடாமல், கடிபட்ட பிள்ளைகளை வீடு வீடாகப் பார்த்து, இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, ஒரு வாரமளவில் தானே ஆறும், சொறிந்து புண்ணாக்காமல் கலமைன் பூசினால் போதும் என்று தாய்மாருக்கு எடுத்துச் சொன்னார். குளத்தில் உள்ள நத்தைகளைப் பாருங்கள் என்று முதன்முதலாக எங்களிடம் சொன்னவரும் அவரே.

நத்தைகளைப் பார்த்தவர்கள், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர். பாசியில் ஒட்டியிருந்த தட்டைச் சுருள் நத்தைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தெளிந்த நீர் நிரப்பிய தனித்தனிப் போத்தலில் இட்டு, காலை வெயிலில் வாசிகசாலைத் திண்ணையில் வரிசையாக வைத்தார்கள். பெரும்பாலான போத்தல்களில் ஒன்றுமே இல்லை. ஒரு போத்தலை மட்டும் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துக் காட்டியபோது, நீருக்குள் வெள்ளைத் தூசு போன்ற புள்ளிகள் துடித்துக்கொண்டு மேலெழுவதை நானே கண்டேன். நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தத் தூசுக்கு நுனி இரண்டாகப் பிரிந்த வால் இருந்தது.

அது மாட்டுக்குள் போய் வளரவேண்டிய ஒரு தட்டைப் புழுவின் குஞ்சு என்று அவர்கள் விளக்கினார்கள். மாட்டின் சாணத்தோடும், அவ்வினத்தில் ஒருவகைக்கு மூக்குச் சளியோடும் முட்டை நீரில் விழுகிறது. முட்டையிலிருந்து வெளிவருவது நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. நத்தையிலிருந்து மீண்டும் நீருக்கு வரும் குஞ்சுக்கு ஆயுள் ஏறத்தாழ 24 மணி நேரந்தான். அதற்குள் மாடு அகப்படாவிட்டால், வழி தவறி மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துப்போகிறது. செத்ததை நம் உடல் எதிர்ப்பதே அந்தக் கடி. முன்னர் பலமுறை பட்ட உடலே கூடுதலாக எதிர்க்கும் என்பதால், நாள்தோறும் நீந்தும் பிள்ளைகள் துடித்தார்கள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்து அதே தண்ணீரில் அதே நாளில் குளித்த பிள்ளைக்கு ஒன்றுமே வரவில்லை. இதை வைத்து ஊரில் உலாவிய கதைகளை இங்கே எழுத விரும்பவில்லை.

இந்த மடலில் மிகப் பெரிய நன்றி மாடு வளர்ப்போருக்கு உரியது. குற்றம் தங்கள் மாடுகள்மீது வந்ததும் அவர்கள் முகம் சுளித்தது உண்மை. கூட்டத்திலிருந்து எழுந்து போனவர்களும் உண்டு. ஆனால் அவர்களுள் மூத்த ஒருவர்தான், குளத்தின் மேற்குக் கரையில் பற்றைக்குள் மறைந்து கிடந்த, மாடுகள் உடல் உரஞ்சிக்கொள்ள நட்ட பழைய ஆவுரஞ்சிக்கல்லையும், பக்கத்தில் வெடித்துக் கிடந்த மாட்டுத் தொட்டியையும் காட்டி, “மாடு குடிக்கிறதுக்கு எங்கட பாட்டன்மார் வேற இடம் வச்சவை, நாங்கள்தான் குளத்துக்குள்ள இறக்கினனாங்கள்” என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு வாதம் நடக்கவில்லை. தொட்டி பூசப்பட்டது, கிணற்றிலிருந்து குழாய் இழுக்கப்பட்டது. ஒரு நடையில் முடிந்த வேலைக்கு இப்போது காலையும் மாலையும் இரண்டு நடை நடக்கும் அவர்களது சிரமத்தை நாங்கள் அறிவோம். குறட்டை விட்டு மூச்சிழுத்த மாடுகளைச் சோதித்து மருந்து கொடுத்த கால்நடை வைத்தியருக்கும், இத்தகைய புழு வாத்திலும் வளரக்கூடும் என்பதால் தம் வாத்துகளைப் பட்டியடைத்த கிழக்குக் கரை வீட்டாருக்கும் நன்றி.

பாசி அள்ளிய சிரமதானத்தில் மண்வெட்டியோடு நின்ற ஆண்களைப் படம் பிடித்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடகம் கடகமாகப் பாசியைக் கரையேற்றி, அதிலிருந்து நத்தை பொறுக்கிய மாதர் சங்கத்துப் பெண்களை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. தொற்றிய நத்தை சாகும்வரை குஞ்சுகளை விட்டுக்கொண்டேயிருக்கும் என்பதால் ஒருநாள் அள்ளிப் பயனில்லை. சனிக்கிழமை தோறும் அவர்கள் வந்தார்கள். முழங்கை வரை கடிபட்டும் வந்தார்கள். அள்ளியதை நீர் நிற்கும் வயலுக்குக் கொண்டுபோகாமல் மேட்டு நிலத்தில் கிடங்கு வெட்டிப் புதைக்க வேண்டும் என்று நினைவூட்டியவர்களும் அவர்களே.

துரிசு (செப்புச் சல்பேற்று) போட்டால் நத்தை ஒரே நாளில் சாகும் என்ற யோசனையும் வந்தது. சாகும் என்பது சரியே, மீனும் சாகும். அதைவிட, எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். குளத்து நீர் அதன் வெடிப்புகளூடாக இறங்கித்தான் சுற்றுக் கிணறுகளில் ஊறுகிறது. குளோரின் பட்டறிவு மறக்காத கமக்காரர் சங்கத்தினர் இதைத் திடமாக மறுத்து எங்களைக் காத்தனர்.

தொட்டிக்கும் குழாய்க்கும் பணம் அனுப்பிய கனடா வாழ் உறவுகளுக்கும் நன்றி. அவர்களுள் ஒருவர், தாம் நீந்தும் ஒன்ராறியோ ஏரியிலும் இதே கடி உண்டு, அங்கே மாட்டுக்குப் பதிலாக வாத்து என்று எழுதியிருந்தார். மிச்சிகன் மாநிலத்து டக்ளஸ் ஏரியில் வில்லியம் கோர்ட் என்ற ஆய்வாளர் 1928இலேயே நத்தைக்கும் இந்தக் கடிக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார் என்பதை மாணவர்கள் சொல்ல, ஊரின் வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

கடைசியாக, கரையேறியவுடன் துவாயால் அழுத்தித் துடைக்க வேண்டும் என்ற விதியைப் பெரியவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் சிறுவர்களுக்கு நன்றி. தோலில் நீர் காய்வதற்குள் துடைத்துவிட்டால் உள்ளே நுழையும் குஞ்சுகள் குறையும் என்பதை இப்போது அவர்களே புதிதாக வருவோருக்குச் சொல்கிறார்கள்.

ஆடி ஆவணியில் குளம் வற்றும்போது நத்தைகள் சேற்றுக்குள் புதைந்து மாரிக்காகக் காத்திருக்கும். ஆகவே அவ்விரு மாதங்களிலும் சேறு அள்ளுவதற்குரிய முறைப்பட்டியல் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. மேற்குக் கரைப் பக்கம் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்,
சனசமூக நிலையம்